லொறிக்கு அடியில் படுத்தவர்

"எப்படி இருக்கிறியள்?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போவதுதான் உலக வழக்கம். பொய்யாக இருந்தாலும் சொல்ல வேண்டும். கேட்டவர் மட்டும் என்ன, உண்மையைத் தெரிந்துகொள்ளவா கேட்டார்? இந்தச் சின்ன மரியாதையைக்கூடச் செய்ய மறுத்த ஒரே ஒரு மனிதரை என் வாழ்நாளில் கண்டிருக்கிறேன்.

ஐம்பதுகளின் பிற்பகுதி. இலங்கை மலைநாட்டில், பதுளைப் பக்கத்து ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியும், அதற்குள் நிறையப் புத்தகங்களும், என்னைப் பற்றிய உயர்ந்த அபிப்பிராயமுமாக வந்து, கந்தோரில், அதாவது தோட்டத்து ஆபீஸில், கிளாக்கராக உட்கார்ந்திருந்தேன். நான் சொல்கிற மனிதர் தோட்டத்துப் பட்டறையில் இரும்பு வேலை பார்த்தார். கைவேலை தெரிந்தவரை அங்கே பாஸ் என்பார்கள். பெரியவர், சிறியவர், துரை எல்லாருக்கும் அவர் பாஸ்தான். நான் முதல் நாள் பண்போடு கேட்டேன்.

"என்ன பாஸ், எப்படி இருக்கிறியள்?"

அவர் தன் முழங்கையை, முழங்காலை, ஒருமுறை கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இன்னைக்கு வெடிப்பு ஒண்ணும் இல்லீங்க."

நக்கல் என்று நினைத்தேன். மனைவி சுகமா என்று கேட்டேன்.

"காலையில பாத்தேங்க. வெடிப்பு இல்லீங்க."

"நாளைக்கு?"

"நாளைக்குப் பாத்துட்டுச் சொல்றேங்க."

நக்கல் இல்லை. அந்த மனிதருக்கு உலகத்தில் எதைப் பற்றியும் இன்றைய தேதிக்கு மேல் உத்தரவாதம் கொடுக்க முடியாது. கண்ணால் பார்க்காததற்கு இன்றைய தேதிக்கும் கொடுக்க மாட்டார். கோயில் கோபுரம் அழகாக இருக்கிறதே என்று யாராவது சொன்னால், சுற்றிவந்து பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வார். பெண் பார்க்கப் போகிறவர்கள் இவரைக் கூட்டிக்கொண்டு போவதில்லை.

இப்போது துரையின் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். துரை என்றால் தோட்டத்தை நடத்துகிற அதிகாரி, அதாவது தோட்டத்தின் தலைவிதி. வெள்ளைக்காரர். நாற்பது வயது இருக்கும். அவருக்கு எங்கிருந்தோ ஓர் அமெரிக்கச் சஞ்சிகை வந்தது. இரண்டு கார்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவைத்து, கொடி விழுந்ததும் கிளப்பி, கால் மைல் நேர் ரோட்டில் யார் முதலில் போய்ச் சேருகிறார் என்று பார்க்கும் ஒரு பந்தயம் அதில் வந்திருந்தது. வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது, மூளையும் அவ்வளவாகத் தேவைப்படாது. ஊவா மாகாணத்துக்கு இதைவிடப் பொருத்தமில்லாத விளையாட்டு ஒன்று இருந்தால் அது படகுப் பந்தயம்தான். பதுளையிலிருந்து அப்புத்தளைக்குப் போகிற ரோடு நூறு யார் தூரம் நேராகப் போனால், பஸ் டிரைவர் வழி தவறிவிட்டோமோ என்று பயந்துபோவான். துரைமார் நாலைந்து பேர் சேர்ந்து தேடி, மலையை விட்டே இறங்கி, வெல்லவாயாப் பக்கம் ஒரு நேர்ப் பாதையைக் கண்டுபிடித்தார்கள்.

துரை ஒரு பழைய அமெரிக்கக் காரை வாங்கி, கதவு, கூரை, ஆசனம் எல்லாவற்றையும் கழற்றி எறிந்தார். சேசிஸ் என்கிற அடிச்சட்டம் மட்டும் மிஞ்சியது. அதன்மேல் பட்டாளத்து வண்டி ஒன்றின் பெரிய எஞ்சினைத் தூக்கி உட்காரவைத்தார்கள். ஓர் ஒற்றை ஆசனம், அதற்குப் பின்னால் ஒரு பெட்ரோல் டாங்கி. பார்க்க வெறும் எலும்புக்கூடு. சத்தம் மட்டும் பசறை வரை கேட்கும்.

இந்த எலும்புக்கூட்டை உயிரோடு வைத்திருக்கும் பொறுப்பு பாஸுக்கு வந்தது.

"இது ஓடுறப்ப ஒடையாதுங்க," என்று அவர் எனக்கு விளக்கினார். நான் கேட்கவில்லை, கந்தோர் ஜன்னலில் தலையை நீட்டியது என் குற்றம். "கெளம்புறப்பதான் ஒடையும். எஞ்சின் ஒரு பக்கமா முறுக்கும், பின் சக்கரம் தரையைப் புடிச்சுக்கிட்டு வரமாட்டேம்பான். நடுவுல சேசிதான் அடி வாங்கணும். புருசன் பொஞ்சாதி சண்டையில புள்ள மாதிரிங்க."

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் அவர் செய்வது ஒரு பூசை போல இருக்கும். முதலில் சேசிஸ் முழுவதையும் மண்ணெண்ணெயால் கழுவுவார். பழந்துணியால் ஈரமே தெரியாதபடி துடைப்பார். பிறகு உலர்ந்த சுண்ணாம்புத் தூளை மெல்லிய துணியில் முடிந்து, தட்டித் தட்டி இரும்பையெல்லாம் வெள்ளையாக்குவார். அப்புறம் தூரமாகப் போய் ஒரு பீடி. திரும்பி வரும்போது, வெடிப்புக்குள் ஒளிந்திருந்த எண்ணெய் மெல்ல ஊறி, வெள்ளையின் மேல் மயிரிழை போல ஒரு கறுத்த கோடு விழுந்திருக்கும். அந்தக் கோட்டின் இரண்டு நுனியிலும் சின்னத் துளை போடுவார், வெடிப்பு அதற்கு மேல் ஓடாமல் நிற்பதற்காக. மேலே தகடு வைத்து ரிவெட் அடிப்பார். கடைசியாக ஒரு கயிற்றை மூலைக்கு மூலை குறுக்காகப் பிடித்து இரண்டு குறுக்கும் ஒரே அளவா என்று பார்ப்பார். ஒரு நூல் வித்தியாசம் இருந்தாலும் சட்டம் முறுக்கிக்கொண்டது என்று அர்த்தம். எல்லாம் முடிந்த பிறகு, துரையிடம் போய் நின்று, "இன்னைக்கு வெடிப்பு இல்லீங்க" என்பார்.

ஒருமுறை பந்தயத்துக்கு முதல் நாள், சோதனை ஓட்டம் முடிந்து பாஸ் பார்ப்பதற்குள், துரை படம் எடுப்பதற்காக சேசிஸ் முழுவதற்கும் வெள்ளிப் பெயின்ட் அடிக்கச் செய்திருந்தார். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் பாஸ் கீழே படுத்து அவ்வளவையும் சுரண்டிக்கொண்டிருக்கிறார்.

"பாஸ்! யார் சொன்னான் உனக்கு இதைச் சுரண்ட?"

"யாருங்க சொன்னாங்க பூச?"

தோட்டத்தில் துரையைக் கேள்வி கேட்கிற வழக்கம் இல்லை. துரை பிரம்பைத் தூக்கினார். பாஸ் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே விரலை ஓர் இடத்தில் வைத்து, "குனிஞ்சு பாருங்க தொரை" என்றார். எஞ்சினைத் தாங்குகிற குறுக்குச் சட்டத்தின் மூலையில், பெயின்ட்டுக்குக் கீழே, சுண்டு விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. துரை குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகமும் வெள்ளிப் பெயின்ட் அடித்தது போல இருந்தது. அன்றைக்குப் பிறகு பாஸ் வாயிலிருந்து அந்த வாக்கியம் வராமல் துரை அந்தக் காரில் கால் வைத்ததில்லை.

இது வரைக்கும் நல்ல கதை. கெட்டிக்காரத் தொழிலாளி, புத்தி வந்த முதலாளி. இதோடு நிறுத்தியிருந்தால் எனக்கும் நல்ல பெயர் மிஞ்சியிருக்கும்.

எங்கள் தோட்டத்தில் ஒரு கொழுந்து லொறி இருந்தது. அதுவும் பட்டாளம் கழித்துவிட்டதுதான். கொழுந்துச் சாக்கு ஏற்றுவது அதன் வேலை. ஆனால் தோட்டத்தின் கீழ்ப் பிரிவு மூன்று மைல் தள்ளி இருந்ததால், தினமும் காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டு முடிந்ததும் நாற்பது பெண்களை அதில் நிற்கவைத்துக் கீழே கொண்டுபோய்க் கொட்டுவார்கள். கொட்டுவது என்ற சொல்லை யோசித்துத்தான் போடுகிறேன். பாதையின் ஒரு பக்கம் மலை, மறு பக்கம் ஒன்றுமில்லை.

துரையின் கார் ஓடுவது ஒரு தடவைக்குச் சுமார் பதினெட்டு விநாடி. ஏறுவது ஓர் ஆள். அதற்கு மண்ணெண்ணெய்க் குளியல், சுண்ணாம்புப் பூச்சு, கயிற்றளவு. லொறி ஓடுவது தினமும், ஏறுவது நாற்பது பேர். அதற்கு நடந்த பராமரிப்பு என்ன தெரியுமா? கொம்பனியின் மேற்பார்வையாளர் கொழும்பிலிருந்து வருகிறார் என்றால் தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஏதாவது பூசுவார்கள். தொழிலாளர் குடியிருக்கும், ஒழுகுகிற லயத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு, தண்ணீர் ஓடும் கான் ஓரத்துக் கல்லுக்குச் சுண்ணாம்பு. லொறியின் அடிப்பக்கத்துக்குத் தார். வருடத்துக்கு ஒருமுறை "வண்டி நல்ல நிலையில் உள்ளது" என்று ஒரு பத்திரமும் உண்டு. அதை எழுதியது யார்? அடியேன். அழகான கையெழுத்து. லொறியை நான் கந்தோர் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். அதற்கு நாலு சக்கரம் இருப்பது எனக்குத் தெரியும்.

ஒரு நாள் பந்தயக் காருக்குத் தட்டிய சுண்ணாம்பு முடிச்சில் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. பக்கத்தில் லொறி நிற்கிறது. யாரும் சொல்லாமலே பாஸ் அதன் அடியில் புகுந்து, பின் சக்கரத்துக்கு மேலே தாரைச் சுரண்டி, கழுவித் துடைத்துத் தட்டிவிட்டார். பீடி முடிந்ததும் நேரே கந்தோருக்கு வந்தார்.

"கிளாக்கரையா, லொறிக்கு நல்லதுன்னு பேப்பர் எழுதுறது நீங்கதானேங்க?"

"ஓம்."

"எப்பிடிங்க எழுதுறீங்க?"

"பேனையால," என்றேன். எனக்கு நகைச்சுவை உணர்வு அதிகம் என்று அப்போது ஒரு நினைப்பு.

அவர் சிரிக்கவில்லை. "பின்னாடி சேசில வில்லுப்பட்ட மாட்டுற எடத்துல ரெண்டு பக்கமும் வெடிச்சிருக்குங்க. எடது பக்கம் நகம் போகுது. வருசம் பூரா நல்லா இருக்கும்னு எழுதியிருக்கீங்க. இரும்புகிட்ட கேட்டீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. தப்புச் செய்தவனுக்கு வருகிற கோபம் மாதிரி உறுதியானது வேறில்லை. "துரையிட்டச் சொல்லுங்கோ. நான் கிளாக்கர். அடியில படுக்கிறது என்ர வேலை இல்லை."

துரையிடம் சொன்னார். துரை, அடுத்த வருடத்துச் செலவில் பார்க்கலாம் என்றார். லொறி கொம்பனியுடையது, கார் தன்னுடையது என்று நியாயமும் சொன்னார். மறுநாள் காலையிலும் நாற்பது பேரும் ஏறினார்கள். பாஸ் பட்டறை வாசலில் நின்று, லொறி கீழ் வளைவில் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாளும் நின்றார். அதற்கடுத்த நாளும்.

அந்த வாரம் கொழும்பிலிருந்து ரயிலில் ஆறடி நீளத்தில் ஒரு கெட்டியான இரும்புச் சட்டம் வந்தது. பந்தயக் காரின் சேசிஸுக்கு முட்டுக் கொடுப்பதற்காக, பாஸ் சொல்லித்தான் துரை வரவழைத்திருந்தார். அது இல்லாமல் அடுத்த ஓட்டம் ஓடக்கூடாது என்பது பாஸின் தீர்ப்பு. பந்தயம் அடுத்த வாரச் சனிக்கிழமை. பதுளை ஸ்டேஷனுக்குப் போய் அதை எடுத்துவந்து சாமான் அறையில் பூட்டியவன் நான். சாவியும் என்னிடம்.

ஞாயிற்றுக்கிழமை காலை துரை பண்டாரவளைக்குப் போயிருந்தார். நான் விராந்தையில் சாய்ந்து, மனித சமத்துவத்தைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். பாஸ் வந்து நின்றார்.

"சாமான் அறைச் சாவி வேணுங்க."

"எதுக்கு?"

"சேசிக்கு முட்டு வைக்கங்க."

எந்தச் சேசிஸ் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் எனக்குத் தெரியும் என்பதுதான். சாவியைக் கொடுத்துவிட்டு மறுபடி சமத்துவத்துக்குள் தலையை நுழைத்தேன்.

அன்று பகல் முழுவதும் பட்டறைப் பக்கம் சம்மட்டிச் சத்தம். எட்டிப் பார்த்தேன். லொறியின் பின்பக்கம் ஜாக்கியில் ஏறி நிற்கிறது. வெள்ளையம்மா என்ற கொழுந்துக்காரியும் இன்னும் நாலு பெண்களும் ஜாக்கியின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பேச்சு அங்கிருந்தே கேட்டது.

"பாசு அண்ணே, இம்புட்டு நாளு இதுலயா போனோம்?"

"பேசாம புடி. நீ சிரிச்சா ஜாக்கி ஆடுது."

"தொரை கேட்டா என்னா சொல்லுவீக?"

"கேக்கட்டும். வாயி இருக்குல்ல."

திங்கட்கிழமை பெரட்டில், எல்லாருக்கும் முன்னால் துரை கத்தினார். இரும்பு எங்கே? லொறியில் ஏன் இருக்கிறது? சனிக்கிழமை தான் எதில் ஓடுவது? வேறு இரும்பு வர இரண்டு வாரம் ஆகும் என்பது அவருக்குத் தெரியும்.

"நீ எடுத்தியா?"

"எடுத்தது நானுங்க."

"அறை பூட்டியிருந்தது. யார் திறந்தான்?"

நான் ஆட்களின் வரவைப் பதிகிற மஸ்டர் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் அன்றைக்கு மிகவும் சுவாரசியமான பெயர்கள் இருந்தன.

"எடுத்தது நானுங்க," என்றார் பாஸ் மறுபடியும். "மத்தது எதுக்குங்க?"

"திருட்டு இது! பொலிசுக்குச் சொல்லட்டா?"

"சொல்லுங்க தொரை. இரும்பு இந்தத் தோட்டத்து லொறியிலதான் இருக்கு. ஒங்க காரு ரெண்டு கெழமை பொறுக்கும். அது பதினெட்டு எண்ணுறதுக்குள்ள நின்னுரும். இந்தப் புள்ளைங்க தெனம் போவுதுங்க."

துரைக்கு ஆத்திரத்தில் தமிழ் மறந்துவிட்டது. ஆங்கிலத்தில் சொன்னவற்றை எழுதினால் அச்சுக்கூடத்தார் மறுப்பார்கள். முடிவு எளிமையானது: பாஸுக்குப் பற்றுச்சீட்டு. தோட்டத்தை விட்டு அனுப்புகிற அந்தக் காகிதத்தை நான்தான் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் "கீழ்ப்படியாமை" என்று துரை சொல்லச் சொல்ல எழுதினேன். சாவி கொடுத்த கையாலேயே எழுதினேன். என் கையெழுத்து அன்றைக்கும் நன்றாகவே இருந்தது. இதற்குப் பிறகு நான் வாழ்க்கையில் எத்தனையோ அநியாயங்களைக் கண்டு கொதித்து எழுதியிருக்கிறேன். வாசகர்கள் பாராட்டியும் இருக்கிறார்கள். கொதிப்பு என்னிடம் எப்போதும் தாராளமாக இருந்தது. பெரட்டுக் களத்தில் ஒரு வாக்கியம் தேவைப்பட்டபோதுதான் இல்லை.

அந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர் அவர். அந்த மலையில் எந்த இரும்பு நிற்கும், எது நிற்காது என்று சொல்லக்கூடிய ஒரே மனிதரை, இந்தியாவிலிருந்து வந்த பரம்பரை என்பதால், அந்த நாட்டின் சட்டம் நாட்டுக்காரர் இல்லை என்று எழுதிவைத்திருந்தது. வீடும் தோட்டத்தினுடையது. மூன்று நாளில் காலி செய்யச் சொன்னார்கள். போகிற அன்று, துரைக்கு என்ன தோன்றியதோ, சாமான்களை லொறியில் பதுளை வரை கொண்டுபோகலாம் என்று சொல்லி அனுப்பினார். பாஸ் மறுத்துவிட்டார். ரோசம் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். பெரட்டு நாளிலிருந்து அவரைப் பட்டறைக்குள் விடவில்லை. லொறியின் அடியில் அவர் பார்த்து மூன்று நாளாகியிருந்தது. பார்க்காத வண்டியில் மனைவியை ஏற்ற அவர் தயாராக இல்லை, அவ்வளவுதான். தலையில் ஒரு டிரங்குப் பெட்டி, மனைவி தலையில் ஒரு மூட்டை. கந்தோர் வாசலில் நின்றார்.

"கிளாக்கரையா, இரும்பு ஒரு பக்கத்துக்குத்தான் பத்துச்சு. எடது பக்கம் கெட்டியா வச்சிட்டேங்க. வலது பக்கம் துளை மட்டும் போட்டிருக்கேன். வாரத்துக்கு ஒருக்கா படுத்துப் பாருங்க. துளையைத் தாண்டி கோடு வந்துச்சுன்னா ஆள ஏத்தாதீங்க."

"நானோ?" என்றேன்.

"பேப்பர் நீங்கதானேங்க எழுதுறீங்க?"

என் பதிலுக்கு நிற்காமல் நடந்துவிட்டார். பண்டாரவளையில் ஒரு காராஜில் இருக்கிறார் என்று ஒருவரும், வெலிமடையில் உருளைக்கிழங்கு லொறிக்காரர்களிடம் இருக்கிறார் என்று ஒருவரும் பிற்பாடு சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு போவது?

அடுத்த திங்கட்கிழமை காலை. பெரட்டு முடிந்தது. லொறி வந்து நின்றது. நாற்பது பெண்களும் கூடையை மாட்டிக்கொண்டு நின்றார்கள். யாரும் ஏறவில்லை.

"ஏறுங்கடி! நேரமாச்சு!" என்று கங்காணி கத்தினார்.

"யாரு பாத்தது?" என்றாள் வெள்ளையம்மா.

"என்னத்தப் பாக்குறது?"

"அடியில. பாசு அண்ணே வலது பக்கத்த வாராவாரம் பாக்கணும்னு சொல்லிட்டுத்தான் போனாரு. யாரு பாத்தது?"

கங்காணி டிரைவரைப் பார்த்தார். டிரைவர் வானத்தைப் பார்த்தான். கடைசியில் கங்காணிக்கு ஒரு யோசனை உதித்தது. "பேப்பர் எழுதுறது கிளாக்கரையாதான். அவரையே கேளுங்க."

நாற்பது பேரும் கந்தோர் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். நான் அன்றைக்கு வெள்ளை டிரில் துணிக் கால்சட்டை போட்டிருந்தேன். அதைச் சொல்வது அனுதாபத்துக்காக அல்ல, நான் எதைப் பற்றி யோசித்தேன் என்பதைக் காட்டுவதற்காக.

போய்ப் படுத்தேன். சேறு, எண்ணெய், கொழுந்துச் சாறு. இடது பக்கம் புது இரும்பு. வரிசையாக ரிவெட்டுகள், ஒவ்வொன்றும் ஒரே அளவு. வலது பக்கத்தைத் துணியால் துடைத்தேன். துளை இருந்தது. அதைத் தாண்டி, மறுபக்கத்தில், மயிர் போல ஒன்று தெரிந்தது. அழுக்காக இருக்கும் என்று நினைத்தேன். மறுபடி துடைத்தேன். போகவில்லை. நகத்தை வைத்தேன். நகம் உள்ளே போனது.

"என்னங்க தெரியுது?" என்று வெள்ளையம்மா குனிந்து கேட்டாள்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வரலாம். எழுதிவைத்த பத்திரம் இன்னும் ஆறு மாதத்துக்குச் செல்லும்.

"ஏறாதேங்கோ," என்றேன்.

அவர்கள் கேள்வி எதுவும் கேட்கவில்லை. கூடைகளைச் சரிசெய்துகொண்டு, மூன்று மைலையும் நடக்கப் புறப்பட்டுவிட்டார்கள். மேலே பங்களாப் பக்கமிருந்து துரையின் ஜீப் இறங்கி வரும் சத்தம் கேட்டது. நான் உடனே வெளியே வரவில்லை. அந்த நேரத்தில் தோட்டத்திலேயே பாதுகாப்பான இடம் அந்த லொறியின் அடிதான் என்று எனக்குத் தோன்றியது.